குளியலறையில் வழுக்கியவர்

கடைசிக் குளியலுக்காக அப்பாவின் முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. ஈரத்துணியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பாசி. அப்பாவின் உள்ளங்கைகளைத் திருப்பினாள். நகக்கண்களில் செங்கல் நிறத் தூள் அடைந்திருந்தது.

குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் அண்ணன் போனில் சொல்லியிருந்தான். அந்தக் குளியலறை அவளுக்குத் தெரியாததா? அண்ணி தினமும் தேய்த்துக் கழுவும் சிமெண்டுத் தரை. அங்கே பாசிக்கு என்ன வேலை?

அண்ணி வாளியில் வேறு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“அப்பா போட்டிருந்த சட்டை எங்க அண்ணி?”

“அதுவா... ஊற வச்சிட்டேன். குளியலறையில விழுந்தவர்தானே, நனைஞ்சுபோச்சு.”

சட்டை எங்கே என்று கேட்டால் அவர் விழுந்த இடத்தை எதற்குச் சொல்கிறாள்? அவள் துணியை அலசிப் பிழிந்தாள்.

கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனாள். வழக்கமாகச் சுவரில் சாய்ந்து நிற்கும் ஏணியைக் காணோம். மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். சாக்குகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் அம்மாவின் அறைக்கு மேலே, ஓட்டுச் சரிவில், இரண்டு சோலார் பேனல்கள். போன மாதம் மாட்டியவை. மாட்டச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றது அண்ணன்தான். இடுப்பெலும்பு முறிந்து அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து, கரண்ட் போகும் ஒவ்வொரு பகலும் அந்த அறை அடுப்பாகிவிடும். பேனலிலிருந்து நேராக ஒரு ஃபேன் ஓடினால் போதும் என்றான். அப்பாவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. “உங்கண்ணன் சூரியனப் பிடிச்சு வீட்டுக்கு வேலைக்கு வச்சிருக்கான்டி. லீவு கேக்காம இருந்தா சரி” என்று போனில் சிரித்தார்.

அண்ணனின் சிக்கனம் ஊரறிந்தது. வேலைக்கு ஆள் கூப்பிட மனசு வராமல், அந்த வயசிலே அப்பாவை ஓட்டின் மேல் ஏற்றியிருக்கிறான். அவள் மனதில் அது முடிவாகிவிட்டது.

பேனல் மாட்டிய சோலார்க்காரர் தெருவில், தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வந்தவர்கள் எல்லாம் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போக, அவர் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“உள்ள வராம ஏன் இங்கயே நிக்கிறீங்க?”

“இல்லம்மா... எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது.”

“ஏன், நீங்க என்ன பண்ணீங்க?”

“மாட்டுன அன்னிக்கே சொன்னேன்மா. ஓடெல்லாம் பாசி புடிச்சுக் கெடக்கு, பெரியவர மேல விட்றாதீங்க, தொடைக்கணும்னா எனக்கு ஒரு போன் போடுங்கன்னு.” சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். “உங்கண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

“குளியலறைன்னு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அப்ப அதுதாம்மா. நான் என்னத்தக் கண்டேன்.”

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பி வரும்வரை அவள் பொறுத்திருந்தாள். அண்ணன் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது எதிரே போய் நின்றாள்.

“அப்பாவ நீதானே ஏத்திவிட்ட?”

அண்ணன் குழாயை மூடினான். முகத்தைத் துடைத்தான். மறுக்கப்போகிறான் என்று நினைத்தாள்.

“மெதுவாப் பேசு. அம்மா ஜன்னல் தெறந்திருக்கு.”

“அம்மாவுக்குத் தெரியட்டுமே. உன் லட்சணம்...”

“அம்மாதான் சொல்லியிருக்காங்க.”

அவளுக்குப் புரியவில்லை. அண்ணன் அவள் கையைப் பிடித்து வேலியோரம் இழுத்துப் போனான்.

“எதிர் வயல்ல அறுப்பு மிஷின் ஓடுச்சு. புழுதி பூரா நம்ம கூரை மேல. நேத்துக் காலைல ஃபேன் சரியாச் சுத்தல, மேல தூசி இருக்கும் பாருங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க. அவர் துணியும் கையுமா எங்கிட்ட வந்தாரு. சாயங்காலம் நானே ஏறித் தொடைக்கிறேன், சும்மா இருங்கன்னேன். இந்தப் பக்கம் தண்ணி மடை மாத்திட்டு வர்றதுக்குள்ள...” அவன் வேலியைப் பிடித்துக்கொண்டான். “டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லிட்டேன். அம்மாகிட்டயும் மத்தவங்ககிட்டயும், மேல ஏறவே இல்ல, குளிக்கப் போன எடத்துல வழுக்கிட்டார்னு சொன்னேன். அவங்க சொல்லித்தான் போனாருன்னு தெரிஞ்சா அந்த மனுஷி தாங்குமா?”

காலையிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாயிலேயே கசந்தன.

“கேட்டா நீயும் அதையே சொல்லு” என்றான்.

அம்மாவின் அறையில் துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் கலைந்திருந்தது. அம்மா மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“எங்கடி விழுந்தாராம்?”

“குளியலறையிலம்மா.” குரல் பிசகாமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

அம்மா மோவாயால் மேலே காட்டினாள். “ஃபேன் எப்படி ஓடுது பாத்தியா.”

அவள் அண்ணாந்தாள். இறக்கைகள் தெரியாத வேகத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“நேத்துக் காலைல நோஞ்சான் மாதிரிக் கெடந்துச்சு. திடீர்னு வேகம் எடுத்துச்சு. போதும், எறங்கி வாங்கன்னு கத்துனேன். சிரிச்சாரு, கேட்டுச்சு. ஓடு சரியிற சத்தமும் கேட்டுச்சு.”

அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள்.

“உங்கண்ணன் வந்து குளியலறைன்னான். சின்னதுல இருந்தே அவனுக்குப் பொய் சொல்ல வராது. காது செவந்துரும். இவ்ளோ பெரிய பொய்ய எனக்காகத் தூக்கிட்டு வந்து நிக்கிறான். நம்பிட்டேன்னே இருக்கட்டும்.” அம்மா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “நீயும் வாயத் தெறக்காத.”

வெளியே அண்ணன் இரவல் வாங்கிய பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“அம்மா ஏதாவது கேட்டாங்களா?”

“கேட்டாங்க. நீ சொன்னதையே சொன்னேன்.”

“நம்புனாங்களா?”

“ம்.”

அண்ணன் மெல்ல மூச்சு விட்டான். குனிந்து கடைசிப் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தான். அவள் மறுமுனையைப் பிடித்தாள். தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்கு அதைத் தூக்கிப் போனார்கள். மேட்டில் ஏறும்போது அவள் பக்கம் தாழ்ந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்காமலே நடையைக் குறைத்தான்.