எழுத்தில்லாத கரடி

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, ஒட்டுக்கேட்டேன். பேனாவுக்கு ரீஃபில் வாங்கப் போன புத்தகக் கடையில், ஒரு பெண்மணியும் அவரை ‘அத்தை’ என்று அழைத்த நான்கு வயதுச் சிறுமியும் கடைக்காரரிடம் ஒரு கரடியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரீஃபிலை மறந்துவிட்டேன். ஆகவே இதைப் பென்சிலில் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘குழந்தைகளின் கற்பனை வளத்தைப் பெருக்குவதில் படப் புத்தகங்களின் பங்கு—’

அடித்துவிட்டேன். உங்களுக்கே கொட்டாவி வந்திருக்கும்.

இரண்டாவது: அத்தைக்குக் கற்பனையே கிடையா—

இதுவும் ஆகாது, சண்டைக்கு வருவார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஊரார் கற்பனைக்கெல்லாம் கால்புள்ளி வைத்தே கண் பூத்துப்போனவர். அண்ணனும் அண்ணியும் இரவு வேலைக்குப் போகும் நேரத்தில் அண்ணன் மகள் பட்டாணி (உருவத்தால் வந்த பெயர்) இவர் பொறுப்பு. வாசலிலேயே ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

அவளுக்கு ஒரு படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். அவள் தூங்கியபின் பிரித்துப் பார்த்தால், அட்டை முதல் அட்டை வரை கரடிதான்; எழுத்து ஒன்றுகூட இல்லை. அத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எழுத்தை அச்சேற்றாமலே கட்டிவிட்டார்கள் என்று தீர்ப்பெழுதினார். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அதைக் கடையில் கொடுத்து, பக்கம் நிறைய எழுத்துள்ள முயல் புத்தகமாக மாற்றிக்கொண்டார்.

(பட்டாணி அதற்குள் கரடியைப் பாதிவரை ‘படித்திருந்தாள்’ என்று அவருக்கு யார் சொல்வது?)

3

“கரடி எங்க அத்தை?”

“அது தப்பா அச்சடிச்சதுடா கண்ணு. அதுல கதையே இல்ல.”

“இருந்துச்சு! கரடி ஒத்தச் செருப்பைத் தேடிட்டிருந்துச்சு. பாதியில குடுத்துட்ட!”

“இந்த முயல் புக்ல எவ்வளவு எழுத்து பாரு.”

“அதான் முயலுக்கு நிக்கவே இடமில்ல.”

அன்றே காய் விட்டுவிட்டாள். சாப்பாட்டுக்கு வாய் திறந்தாள்; பேச்சுக்குத் திறக்கவில்லை. அத்தையின் கழுத்து காலியாகவே இருந்தது. அவருக்கு அது தாங்கவில்லை; அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

4

கடைக்காரர் அலமாரியைக் காட்டினார். அதே கரடி வரிசையாக நின்றது.

“இதுல நீங்க குடுத்தது எதும்மா? எல்லாமே இப்படித்தான். எழுத்தே கிடையாது.”

அத்தையின் முகம் [இங்கே ஓர் உவமை, இன்னும் கிடைக்கவில்லை] ஆனது.

பட்டாணி ஒவ்வொன்றாகப் பிரித்து ஒன்றை எடுத்தாள். “இதான்! மத்ததெல்லாம் என்னைத் தெரியாத மாதிரி பாக்குது.”

அதன் ஓரத்தில் பிஸ்கட் விரல் தடம் இருந்தது. அத்தை பார்த்துவிட்டார். ஒரு பிழையைப் பார்த்தும் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

கடைசிப் பக்கம்: ஒற்றைச் செருப்போடு கரடி, எதிரே மூடிய கதவு.

“உள்ள யாரு? நீ சொல்லு. சொன்னாதான் பழம்.”

“யாருன்னு போடலையே கண்ணு...”

“போடல. அதான் உன்ன கேக்குறேன்.”

5

முடிவு அ: அத்தை அற்புதமான கதை சொல்கிறார், கடையே கைதட்டுகிறது. பொய். கடையில் இருந்ததே நாங்கள் நாலு பேர்.

முடிவு ஆ: பட்டாணியே சொல்லிவிடுகிறாள், அத்தை திருந்துகிறார். அடித்துப்போட்ட அந்த முதல் வரிக்குப் பொருத்தமாக இருக்கும்.

நடந்தது இது. அத்தை கண்ணாடியைக் கழற்றினார். விரலை மடக்கி, படத்திலிருந்த கதவை டொக் டொக்கென்று தட்டினார்.

“யாருங்க உள்ள?”

பட்டாணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அத்தை குரலை மாற்றி, உள்ளிருந்து பதிலும் சொன்னார். அந்த நேரம் பார்த்துத்தானா கடைக்காரர் என்னிடம், “உங்களுக்கு என்ன சார் வேணும்?” என்று கேட்க வேண்டும்! பதில் என் காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்தபோது பட்டாணி அத்தையின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

6

கதவுக்குப் பின்னால் யார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். அது அச்சுப்பிழை அல்ல. கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.