முழுக்கைச் சட்டைக்குள் ஒருத்தி

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவளைக் கட்டிக்கொண்டு, சட்டைக்குள் ரகசியம் வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைத்தானே ஒரு மனுஷன், அவனை என்ன சொல்ல!

கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனுக்கு அரைக்கைச் சட்டைதான். லிஃப்ட் மெக்கானிக், கிரீஸுக்கும் முழுக்கைக்கும் ஆகவே ஆகாது. அப்படிப்பட்டவன் ஒரு நாள், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், முழுக்கை போட்டு மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு கிளம்பினான். "புது மேனேஜர் சொல்லிட்டாரு" என்றான். கேட்காத கேள்விக்குப் பதில் வருகிறதே என்று அவளுக்கு அப்போதே சுருக்கென்றது. அன்று மாலை குளியலறையில் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர், யாருக்காம் தாழ்ப்பாள்?

துவைக்கும் முன் சட்டையை உள்புறம் திருப்பிப் பார்ப்பது அவளுடைய தொழில் பழக்கம். இடது கையின் உள்புறத்தில் கருநீலமாக ஒரு கறை. கிரீஸ் என்றால் பரவியிருக்கும், இப்படிக் கோடு கோடாக நிற்காது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு கண். அதற்குக் கீழே மூக்கு. சட்டைக்குள்ளிருந்து எவளோ ஒருத்தி அவளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சட்டையைக் கடைக்கே கொண்டுபோய், கவுண்டரில் உட்காரும் அக்காவிடம் காட்டினாள்.

"பச்சை குத்தியிருக்காருடி. புண்ணு ஆறுறதுக்குள்ள சட்டை போட்டா இப்படித்தான் ஒட்டும். உன் மூஞ்சியா இருக்கும், போ."

"என் மூக்கு இவ்வளவு நீளமாக்கா?"

அக்கா அவள் மூக்கைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், பிறகு அவசர வேலை வந்தவளாக ரசீதுக் கட்டைப் புரட்ட ஆரம்பித்தாள்.

ஞாயிறு மதியம் அவன் முழுக்கையோடே கண்ணயர்ந்தபோது, பொத்தானை மெல்லக் கழற்றிக் கையைச் சுருட்டிப் பார்த்தாள். படுகேவலமான வேலை. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. அடர்ந்த புருவம். உதட்டுக்குக் கீழே மை வேறு வழிந்திருந்தது. ஆனால் நிச்சயம் அவள் இல்லை.

அவனையே கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வான். பொய் சொல்லும்போது மூக்கைச் சொறிவான். அதைப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்துத் துடைத்து வைத்தாள். உறுதியாகத் தெரிந்துவிட்டால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது; அப்புறம் திரும்புகிற பேச்சே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே அவனுடைய கருவிப் பையைக் குடைந்தாள். களிம்பு ஒன்று கிடைத்தது. அதில் பச்சை குத்தும் கடையின் விலாசம் ஒட்டியிருந்தது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் அந்த விலாசத்தைத் தேடிப் போனாள். செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி. கதவைத் திறந்தவளைக் கண்டதும் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அதே மூக்கு. அதே புருவம். ஆள் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டாள்!

"வாங்க," என்றாள் அந்தப் பெண், சலித்துப்போன குரலில். "வீட்டுக்காரருக்குக் கையிலயா, நெஞ்சுலயா?"

"என்னது?"

"என் மூஞ்சி எங்க இருக்குன்னு கேட்டேன். சண்டைக்குத்தானே வந்திருக்கீங்க? உக்காருங்க. உங்களுக்கு முன்னாடியும் வந்துட்டுப் போயிருக்காங்க."

சுவரெல்லாம் போட்டோக்கள். ஒரு தோளில் அம்மா, ஒரு நெஞ்சில் மகள், ஒரு கையில் காதலி. எல்லாருக்கும் ஒரே மூக்கு.

"என் வீட்டுக்காரருக்குப் பூ வரும், பாம்பு வரும். பொம்பளை மூஞ்சின்னா என்னை விட்டா வேற வராது. என்னை வரைஞ்சுதான் தொழில் பழகினாரு. பஸ்ல எவனோ கம்பியைப் பிடிச்சிட்டு நிக்கிறான், அவன் கையில நான் இருக்கேன். இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

திரைக்குப் பின்னாலிருந்து பச்சை குத்துகிறவர் தலையை நீட்டினார். அவளுக்குச் சந்தேகம் விட்டபாடில்லை.

"லிஃப்ட் மெக்கானிக், இடது கையில குத்திக்கிட்டாரே, அவர் யார் போட்டோவைக் குடுத்தாரு? அதைச் சொல்லுங்க முதல்ல."

"போட்டோவே குடுக்கலம்மா. கல்யாண நாளுக்குச் செய்யணும், ஆனா வீட்டுல போட்டோ எடுக்க விடமாட்டாங்க, நான் வாயால சொல்றேன், நீங்க வரைங்கன்னாரு."

அது உண்மைதான். கடையில் நீராவி இஸ்திரி அவள் தாடையைச் சுட்டதிலிருந்து அவள் எந்தப் போனுக்கும் முகம் காட்டியதில்லை. எல்லார் வீட்டு விசேஷத்திலும் படம் எடுக்கிறவள் அவளாகத்தான் இருப்பாள்.

"மையையாவது வழியாமக் குத்தியிருக்கலாம்," என்றாள், விட்டுக்கொடுக்காமல்.

"எங்க?"

"உதட்டுக்குக் கீழ."

"அது வழிஞ்சது இல்லம்மா. நான் போட்டதுல அது ஒண்ணுதான் சரி. காகிதத்துல அதை மட்டும் அழிச்சு அழிச்சு வரைய வச்சாரு. இன்னும் கொஞ்சம் இடது பக்கம், பிறை மாதிரி வளையும், சிரிச்சா மறைஞ்சிடும்னு."

அவள் விரல் தானாகத் தாடைக்குப் போயிற்று. பவுடர் தடவித் தடவி மறைத்து வைத்திருந்த இடம். அவன் கவனித்ததே இல்லை என்றல்லவா இத்தனை நாளும் நிம்மதியாக இருந்தாள்!

சாயங்காலம் அவன் உள்ளே நுழையும்போதே சொன்னாள்: "கையை மடிச்சு விடுங்க. புண்ணு புழுங்குது."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அது... அது நீதான். சத்தியமா. சரியா வரல. உன்கிட்ட எப்படிக் காட்டுறதுன்னு..."

அவன் கை மூக்குப் பக்கம் போகவில்லை.

"அழிச்சிடறேன்" என்றான்.

"அதை அப்புறம் பார்க்கலாம். போனை எடுங்க." முந்தானையால் தாடையை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "ஒரு போட்டோ எடுங்க. கிட்ட வந்து எடுங்க."

"எதுக்கு?" என்றான் அவன். போனைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலடியில் துடைத்து வைத்திருந்த பெட்டியையும் அவளையும் மாறி மாறிச் சந்தேகமாகப் பார்த்தான்.

அவள் தழும்பு இருக்கும் பக்கத்தை அவனுக்குக் காட்டித் திரும்பி, சிரிக்காமல் நின்றாள்.