முப்பத்தேழாவது தோள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. நிலம் ஆடிய ஒரு மதியத்தின் கதையைச் சொல்லப் போகிறேன்.

ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று. தரைத்தளத்தில் தையல்காரம்மா இருந்தாள். அந்த மதியத்துக்குப் பதினோரு வருடம் முன்னால் ஒருமுறை பூமி ஆடியபோது அங்கே மாடிப்படி இடிந்து விழுந்தது. "எல்லாரும் வந்தாச்சு, உள்ள யாரும் இல்ல" என்று மீட்புப் படைக்காரர்களிடம் சொன்னவள் அவள்தான். முந்தின நாள் மூன்றாம் மாடிக்குக் குடிவந்திருந்த ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. மூன்று நாள் கழித்துத்தான் கண்டெடுத்தார்கள், உயிரில்லாமல்.

அதன் பிறகு இன்ஜினியர் ஒருத்தி வந்தாள். தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுத் தடிமனாக்கினாள். "தூணெல்லாம் மாசமா இருக்கு, எப்பம்மா பிரசவம்?" என்று கேலி பேசாத ஆளில்லை. பீரோக்களைச் சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டை வைத்து முடுக்கச் சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை வைத்தாள். சங்கு ஊதியதும் எல்லாரும் இறங்கி எதிர்த் திடலில் வரிசையாக நிற்க, ஒருவர் எண்ண வேண்டும். குறைந்தால்தான் வீடு வீடாகக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் மீட்புப் படை அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும்.

எண்ணும் வேலையைத் தையல்காரம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்த்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் எண்ணிக்கை போகும். அதனால் வரிசையின் பின்பக்கமாகவே போவாள். கண் தரையில் இருக்கும், கை ஒவ்வொரு தோளாகத் தொட்டுக்கொண்டே போகும். முதல் தோள் தன்னுடையது.

குடியிருந்தவர்கள் முப்பத்தாறு பேர். முதல் ஒத்திகையில் முப்பத்தேழு வந்தது.

நாலாம் மாடியில் இருந்த நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன அண்ணி, உன்னையே ரெண்டு தடவ எண்ணிட்டியா? நீ தைச்ச சட்டை ஏன் தொளதொளன்னு இருக்குன்னு இப்பத்தான் புரியுது."

"நான் சரியாத்தான்டி எண்ணினேன். நீ முதல்ல உன் பீரோவ முடுக்கு."

"சுவத்துல ஓட்ட போட்டா புது பெயிண்ட் என்னாகும்? போ அண்ணி."

முன்னால் நின்று எண்ணிய இன்ஜினியருக்கு முப்பத்தாறுதான். தையல்காரம்மாவுக்கு ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒன்று கூடவே வந்தது. எண்ணி முடித்துப் பார்த்தால் உள்ளங்கையில் சுவர் இடிந்த வெள்ளைத் தூசி ஒட்டியிருக்கும். யாரென்று அவளுக்குப் புரிந்தது. நிமிர்ந்து பார்க்கத்தான் துணிவில்லை. ஊர் சிரித்தாலும், தப்பாக எண்ணினேன் என்று மட்டும் அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம் நிலம் நிஜமாகவே ஆடியது. சங்கு ஊதுவதற்கு முன்னமே சனம் திடலுக்கு ஓடியது. தையல்காரம்மா வரிசையின் பின்னால் நடந்தாள். அதற்குள் வந்து சேர்ந்த மீட்புப் படைத் தலைவர் வண்டியில் தொற்றியபடியே கத்தினார்.

"எத்தன பேரும்மா?"

"முப்பத்தாறு."

"சரியா இருக்கு! வண்டிய எடுங்கப்பா!"

வரிசை முழுக்கப் பெருமூச்சு விட்டது. தையல்காரம்மா மட்டும் மனசுக்குள் திரும்பக் கணக்குப் போட்டாள். இன்றைக்கு அந்த மூன்றாம் மாடிப் பெண் வரவில்லையா? வந்திருந்தால், உயிருள்ள ஒருவர் இன்னும் இறங்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்தாள். எல்லார் மேலும் தூசி, கை எதையும் சொல்லவில்லை. அப்போதுதான் உறைத்தது. அவள் தொட்ட தோள்கள் எல்லாம் தையல் மிஷின் போல நடுங்கின. நடுவில் ஒரே ஒரு தோள் அசையவே இல்லை.

வந்திருக்கிறாள்.

செத்தவளையும் சேர்த்து எண்ணினேன் என்றால் எந்த வண்டி நிற்கும்? தையல்காரம்மா வண்டிக்குக் குறுக்கே போய் விழுந்தாள்.

"நில்லுங்க! நான் தப்பா எண்ணிட்டேன்! எனக்கு எண்ணவே தெரியாதுங்க! வீடு வீடா கூப்பிட்டுப் பாருங்க!"

மீட்புப் படையோடு வந்திருந்த இன்ஜினியர் கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வீடாகக் குரல் வந்தது. "நாலாம் மாடி, ரெண்டாவது வீடு!"

"இருக்கோம்" என்று நாத்தனாரின் புருஷன் சொல்லிவிட்டுத் திரும்பினார். "அவ என் பின்னாடிதானே வந்தா..."

பின்னால் யாரும் இல்லை.

"தூண் தாங்கும், ஏறுங்க!" என்றாள் இன்ஜினியர். தாங்கியது. முடுக்காத பீரோ சாய்ந்து, காலை நசுக்கி, நாத்தனாரைத் தரையோடு பிடித்து வைத்திருந்தது. மீட்புப் படைக்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு கட்டட வாசலைத் தாண்டவும், நிலம் மறுபடி குலுங்கி நாலாம் மாடிச் சுவரின் செங்கல் படிக்கட்டில் கொட்டவும் சரியாக இருந்தது.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தும் நாத்தனாருக்கு வாய் அடங்கவில்லை. "தப்பா எண்ணினேன்னு... ஊரறியச் சொன்னியாமே அண்ணி."

"ஆமாடி. தப்பாத்தான் எண்ணினேன்." தையல்காரம்மா அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

வரிசை கலைந்து எல்லாரும் ஸ்ட்ரெச்சரைச் சூழ்ந்துகொண்டார்கள். தையல்காரம்மா மெல்லத் திரும்பி, முதல்முறையாகக் கண்ணை உயர்த்தினாள். திடல் வெறிச்சோடிக் கிடந்தது. ஆனாலும் அந்த வெறுமையைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்:

"போய் உக்காரும்மா. பதினோரு வருஷம் நின்னது போதும்."

உங்கள் வீட்டுச் சுவர் நிலைக்கட்டும், என் செல்லங்களே. கூப்பிட்ட குரலுக்கு உங்கள் வீட்டில் அத்தனை பேரும் "இதோ இருக்கேன்" என்று பதில் சொல்லட்டும்.