ஆண்டு விழாவில் கொட்டு

தலைமையாசிரியர் ராஜாராம் குனிந்து வீட்டுக்குள் நுழைந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தபோதே வேலுத்தாய்க்குச் சந்தேகம் தட்டியது. சிலமலைக் காலனிக்குள் வாத்தியார் எவரும் அதுவரை கால் வைத்ததில்லை. முந்தின ஹெட்மாஸ்டர் காலத்தில் ஒரே ஒரு தடவை பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தான். சுவருக்குப் பின்னால் மாடு செத்துக் கிடக்கிறது, இழுத்துப் போட அவள் புருஷன் மொக்கையன் வரணுமாம். இந்த மனுஷனோ பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் புருஷனை ‘வாங்க, நீங்க’ என்கிறார். மரியாதை கூடக் கூட அவளுக்குச் சந்தேகமும் கூடியது.

வந்த சோலியை அவர் நிதானமாகச் சொன்னார். பாடப் புத்தகத்தில் இல்லாத எத்தனையோ அறிவு பிள்ளைகளின் வீட்டில் இருக்கிறது, அதற்கு வகுப்பில் இடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் இந்த ஆண்டு விழாவில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுத் தொழிலையோ கலையையோ மேடையில் காட்டணும். குயவர் வீட்டுப் பையன் சக்கரம் சுற்றுவான். நிலம் வைத்திருக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் நடவுப் பாட்டுப் பாடும். நாலாவது படிக்கும் அவர்கள் மகள் பேச்சி அப்பாவோடு நின்று கொட்டு அடிக்கணும்.

"நீங்க பெரிய கலைஞர்னு கேள்விப்பட்டேன்," என்றார் மொக்கையனிடம்.

மொக்கையனுக்கு முகமெல்லாம் பல். பாவம், பிறந்ததிலிருந்து ஏலே, டேய் தவிர வேறு எதைக் கேட்டான் அவன்? மூலையில் பேச்சி முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டதை ஆத்தாக்காரி மட்டும்தான் பார்த்தாள்.

அவர் போனதும் வீட்டில் சண்டை. கொட்டு அடிப்பதை விட்டதே அவன்தானே! முன்பு ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் கண்ணுச்சாமியின் வீட்டில் ஒரு சாவுக்குக் காலையிலிருந்து பொழுதடையும் வரை அடித்தான். அடித்த கைக்குப் பழைய சோற்றைத் துண்டில் கொட்டினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வரும்போது தெருப்பிள்ளைகள் பின்னாலேயே கொட்டு அடிக்கிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டு வந்தன. அன்றைக்கே கொட்டின் தோலைக் கிழித்து அடுப்பில் போட்டான், இனி எந்த எழவுக்கும் வரமாட்டேன் என்றான். ஊர் சும்மா விடுமா? காலனியில் யாருக்குக் கூலி வேலை கொடுத்தாலும் மொக்கையன் குடும்பத்துக்குக் கிடையாது என்று ஆனது. அன்றிலிருந்துதான் புருஷனும் பெண்டாட்டியும் விடியுமுன்னே ஜீப்பில் தொத்திக்கொண்டு ஏலமலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவதும், அட்டைக் கடியோடு இருட்டித் திரும்புவதும்.

"சாரு நல்ல மனுஷன்டி. எல்லாப் பிள்ளையும் ஒரே டம்ளர்ல தண்ணி குடிக்கணும்னு வச்சவரு," என்றான் மொக்கையன்.

"நல்ல மனுஷன்தான். அவருக்குப் பின்னால நிக்கிறது யாரு? பள்ளிக்கூடத்துல ஒருக்க நீ அடிச்சுட்டா, எங்க எழவுக்கு மட்டும் கை நோகுதான்னு வந்து நிப்பாக. பிள்ளைக்கும் அதே பேரு விழுந்துரும். கொட்டுக்காரன் மகன்னு நீ திரிஞ்சது பத்தாதா?"

மறுநாள் ஜீப்பில் அவள் காதில் விழுந்தது சந்தேகத்துக்கு நெய் வார்த்தது. பள்ளிக்கு இடம் கொடுத்தவர், விழாவுக்குத் தலைமை தாங்கப் போகிறவர், அதே கண்ணுச்சாமி. டீக்கடையில் உட்கார்ந்து ஹெட்மாஸ்டரை வாய் ஓயாமல் புகழ்ந்தாராம். நம்ம ஊர்க் கலை, அழிய விடக்கூடாது, மொக்கையனை மறுபடி அடிக்க வைத்த புண்ணியவான் என்றாராம். சரிதான், கூட்டுச் சதி என்று வேலுத்தாய் முடிவுகட்டினாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

"கொட்டு அடிக்கிறதப் பத்தி யாரு சார் சொல்லிக்குடுத்தா ஒங்களுக்கு?"

யாரும் தூண்டிவிடவில்லை, ஊரில் காதில் விழுந்ததுதான் என்றார் அவர். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. ஒரு கலையை இழிவு என்று ஒதுக்கினார்கள், அதை மேடையில் ஏற்றினால் இழிவு போய்விடும், பேச்சி தலைநிமிர்ந்து நிற்பாள் என்று ஆசையாக விளக்கினார். வேலுத்தாய் பொறுமையாகக் கேட்டாள். அவர் பேசி முடித்ததும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"கலைன்னா நல்லது சார். அப்ப எல்லாப் பிள்ளையும் அடிக்கட்டும். கண்ணுச்சாமி அய்யா பேரனும் எம்மக வகுப்புலதான இருக்கு. அது கழுத்துலயும் ஒண்ணு மாட்டி விடுங்க. எம்மக கழுத்துல மட்டும் மாட்டுனா அதுக்குப் பேரு வேற."

நீங்க சொல்றது சரிம்மா என்றார் ராஜாராம். மறுநாள் காலைப் பிரார்த்தனையில், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் கொட்டுப் பழகணும், மொக்கையன் அய்யா வந்து கற்றுக்கொடுப்பார் என்று அறிவித்தும் விட்டார். வேலுத்தாய் அதையும் நம்பவில்லை. பெரிய வீடு ஒரு அதட்டு அதட்டினால் இந்த வாத்தியார் பேச்சை மாற்றிவிடுவார் என்று புருஷனிடம் சொன்னாள்.

அதட்டு மறுநாளே வந்தது. நாலாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி, ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். கண்ணுச்சாமி பள்ளிக்கூடத்துக்கே வந்து இறங்கி, மொக்கையனையும் அவன் பெண்டாட்டியையும் மலைக்குப் போகவிடாமல் ஆள்விட்டுக் கூப்பிட்டார். இருவரும் வராந்தாவில் நின்றார்கள்.

"சாவுக்கு அடிக்கிறத எம் பேரன் கழுத்துல மாட்டணுமா? என்ன சார் பேசுறீக?"

"அழியக் கூடாத கலைன்னு நீங்களும் சொன்னதா கேள்விப்பட்டேனே அய்யா," என்றார் ராஜாராம்.

"கலைதான். யாரு இல்லேன்னா? அவனுகளுக்குக் கலை."

சொல்லிவிட்டு அவர் கூச்சமே இல்லாமல் வெற்றிலையை மென்றார். ராஜாராமின் முகம் செத்துப்போனது. இத்தனை நாள் தான் எதை மேடையேற்றப் பார்த்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வேலுத்தாய் நினைத்த மாதிரி அவர் பேச்சை மாற்றவில்லை. எல்லாரும் அடித்தால் கொட்டு உண்டு, இல்லையென்றால் யாரும் அடிக்க வேண்டாம் என்றார்.

"யாரும் அடிக்க வேண்டாம். எடுத்துருங்க," என்றார் கண்ணுச்சாமி. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எழுந்தவர், படி இறங்கும்போது மொக்கையன் பக்கம் திரும்பினார். "ஏலே, எங்க பெரியம்மா இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இன்னைக்கோ நாளைக்கோ ஆயிரும். கொட்டு ஏற்பாடு பண்ணி வையி."

கலைஞர் என்ற ஒரு வார்த்தைக்கே இளகிப் போனவன், இந்த அதட்டுக்கு என்ன ஆவானோ என்று வேலுத்தாய் அவனையே பார்த்தாள். மொக்கையன் தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு ஆகாதுன்னு இப்பத்தான சாமி சொன்னீக. ஆகாதது எதுக்கு? நான் நாளைக்கும் மலைக்குத்தான் போவேன். விடியமுன்ன ஜீப்பு வந்துரும்."

கண்ணுச்சாமி ஆத்திரத்தில் என்னென்னவோ கத்தினார். காலனிக்கு என்ன வரும் என்று வேலுத்தாய்க்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் புருஷனை அப்படிப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கண்ணுச்சாமி போனதும் அவள் ராஜாராமிடம் கேட்டாள்.

"அப்ப எம்மக விழாவுல என்னதான் செய்வா சார்?"

"அத பேச்சிகிட்டத்தாம்மா கேக்கணும். மொதல்லயே கேட்டிருக்கணும்," என்று அவர் நாலாம் வகுப்பை நோக்கி நடந்தார்.

நிஜமாகவே கேட்கிறாரா என்று பார்க்க வேலுத்தாயும் வகுப்பு வாசல் வரை கூடவே போனாள்.