காலியாக வந்த முதல் வரி

மேல் அணை, நடுப்பாலம், கீழ்த்துறை என்று ஆற்றின் மூன்று மட்டங்களையும் அணைக் காவலர் தினமும் காலையில் குறுஞ்செய்தியாக அனுப்புவார். வரிக்கு ஒரு எண். பாலப் பணி அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் எழுதிய பைத்தான் நிரல் அந்தச் செய்தியை வரிவரியாக நறுக்கி, மூன்று மாறிகளில் முறையே போட்டு வைக்கும். மேல் அணை எட்டு மீட்டருக்குக் கீழே இருந்தால் திரையில் பச்சை. பச்சை தெரிந்தால்தான் கீழ்த்துறைப் பாலத் தூணைப் பழுதுபார்ப்பவர்கள் ஆற்றுக்குள் இறங்கலாம்.

போன மாதம் காவலர் கைதவறிக் கடைசியில் ஒரு காலி வரியை அனுப்பிவிட்டார். மூன்று மாறிக்கு நான்கு வரி. நிரல் பிழை காட்டி நின்றது, பாலப் பொறியாளர் கோபத்தில் குதித்தார். அவள் உடனே நிரலில் இரண்டு வரி சேர்த்தாள்: காலி வரியைத் தூக்கிப் போடு, மூன்று எண்கள் வராவிட்டால் கடைசியில் பூஜ்யம் வை. அதன்பிறகு நிரல் வாயே திறக்கவில்லை.

இன்று திரை பச்சை. மேல் அணை ஐந்து, நடுப்பாலம் ஒன்று, கீழ்த்துறை பூஜ்யம்.

கைப்பேசியில் தம்பி. கீழ்த்துறைத் தூணில் பற்றவைக்கும் வேலை அவனுக்கு.

"அக்கா, ஆறு வத்திப்போச்சுன்னு உன் பெட்டி சொல்லுதாமே? வந்து என் முழங்காலைப் பாரு. காலையில கணுக்கால் வரைக்கும்தான் இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. வந்த செய்தியை அப்படியே திறந்தாள். முதல் வரி காலி. அதன் கீழே ஐந்து, ஒன்று. நடுப்பாலத்தின் ஐந்து மேல் அணையின் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அப்புறம் கூப்பிடுறேன்டா" என்று துண்டித்துக் காவலரை அழைத்தாள்.

"ஐயா, முதல் வரி ஏன் காலி?"

"அளவுகோல் முழுசா முங்கிடுச்சும்மா. எட்டுக்கு மேல கோடே இல்லையே, என்னத்த எழுதுறது? அதான் இடம் விட்டேன். நீங்க பாத்துருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எப்ப முங்குச்சு?"

"விடியறப்பவே."

எட்டைத் தாண்டி அணை வழிந்தால் தண்ணீர் கீழ்த்துறைக்கு வர நான்கு மணி நேரம். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து.

தம்பியின் எண்ணை அழுத்தினாள். எடுத்தான்.

"மேல ஏறுடா! எல்லாரையும் கூட்டிட்டு ஏறு!"

"என்னக்கா? சரியா கேக்கல. இங்க ஏதோ சத்தம்... லாரி வர்ற மாதிரி..."

திரையில் கீழ்த்துறை இன்னும் பூஜ்யமாகவே இருந்தது.