மஞ்சள் விளக்கும் அத்தானும்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் நிற்பவரும் உள்ளே வரலாம், இடம் இருக்கிறது. இன்று ஓர் அத்தானின் கதை சொல்லப்போகிறேன். கேட்டால் உங்களுக்கும் என்னைப் போலவே வயிறு எரியும்.

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற பெண் ஒருத்தி. நாள் முழுக்க ஆவியில் நின்று நின்று அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிவிடும். துணி கொண்டுபோய்க் கொடுக்கும் வேனை ஓட்டியவர் வேலையை விட்டுப் போனதும், முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டார்.

"நீ பழகுநர் லைசென்ஸ் பரீட்சையில பாஸ் பண்ணிட்டு வா. சாயங்காலம் நம்ம வேன்லயே ஓட்டிப் பழகிக்கோ. முழு லைசென்ஸ் வந்ததும் வண்டி உன் பொறுப்பு. அதுவரைக்கும் நான் ஓட்டிச் சமாளிக்கிறேன்."

உட்கார்ந்து பார்க்கிற வேலை! அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் குடியிருந்தது அக்காள் வீட்டு மாடியில். அக்காள் புருஷன் டாக்ஸி ஓட்டுபவர். காலையில் அக்காளையும் அவளையும் அவர்தான் வேலைக்குக் கொண்டுபோய் விடுவார். அவள் சாலை விதிப் புத்தகத்தைப் பிரித்ததுமே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"மூடு அதை, கொழுந்தியா. இதை எழுதினவன் ரோட்டைப் பார்த்திருப்பானா? நான் கேக்கறேன், சொல்லு. மஞ்ச விளக்கு விழுந்தா?"

"நிறுத்தணும் அத்தான்."

"கிழிஞ்சுது. நிறுத்தினா பின்னாடி வர்றவன் திட்டுவான். சிவப்பு விழறதுக்குள்ள அழுத்திப் போயிடணும். ஆள் குறுக்கே வந்தா?"

"வழி விடணும்..."

"ஹார்ன் அடி. தானா ஓடிடுவான்."

இத்தனை வருஷம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? தேர்வறையில் கணினி படம் போட்டு ஒவ்வொரு கேள்வியாய்க் காட்டக் காட்ட, அத்தான் சொன்னதையே தட்டிவிட்டு வந்தாள். தேறவில்லை.

அதோடு அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டாரா? வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "படத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரியல, இவ வேன் ஓட்டப் போறாளாம்!"

"தப்பாப் போனதெல்லாம் நீங்க சொன்ன பதில் அத்தான்."

"பரீட்சைக்குத் தகுந்த மாதிரி மாத்திச் சொல்லிக்க வேணாமா? இதைக்கூடவா நான் சொல்லணும்?"

கெடுத்த வாயே சிரிக்கிறது பாருங்கள்! இப்போது சொல்லும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதலாளியம்மாவோ, "அடுத்த வாரமும் போச்சுன்னா வெளியாளைத்தான் போடணும்மா, எனக்கும் வேற வழியில்ல" என்றுவிட்டார்.

அவள் அழவில்லை. மறுநாள் காலை டாக்ஸியின் பின்சீட்டில் ஏறி, மடியில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

"அத்தான், கோட்டைத் தாண்டி நிக்கறீங்க... அத்தான், வளைவுல முந்தக்கூடாது... ஸ்கூல் வாசல் அத்தான், மெதுவா!"

"வாயை மூடிட்டு வர்றியா, இறங்கி நடக்கறியா?"

"ஓட்டும்போது கோவப்படக்கூடாது. அதுவும் இதுல இருக்கு."

முன்சீட்டில் இருந்த அக்காள், தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "அடப்பாவி மனுஷா, இவ்வளவு தப்போடயா என்னைக் கட்டின நாள்லேருந்து கூட்டிட்டுப் போறீங்க?"

அந்த வாரம் முழுக்க இப்படித்தான். புத்தகத்தை மட்டும் படித்தால் மனதில் நிற்காத விதியெல்லாம், அத்தான் அதை மீறும்போது பார்த்ததும் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றுவிட்டது. மறுபடி தேர்வெழுதப் போனபோது, ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய டாக்ஸி அவள் கண்முன் வந்தது. அவர் எதைச் செய்வாரோ அதை விட்டாள். தேறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் வேனை அவள் ஓட்ட, லைசென்ஸ் உள்ள துணையாக அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காள் விரட்டித்தான் வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. முதல் சந்திப்பை நெருங்கும்போதே மஞ்சள் விழுந்தது.

"போ, போ, போயிடலாம்!"

அவள் பிரேக்கை அழுத்தினாள். வேன் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. பின்னால் ஒருவன் ஹார்னை அலறவிட்டான்.

"திட்டறான் பாரு."

"திட்டட்டும் அத்தான். நீங்க சிரிச்சதையே தாங்கிட்டேன்."

பச்சை விழுந்த பிறகுதான் வேனை எடுத்தாள்.

கண்ணுகளா, உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பிப் போகிறவர்கள் எல்லோரும் பொழுது சாய முழுசாக வீடு வந்து சேரட்டும். புத்தகத்தோடு உட்காரும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிற வாய் உங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கட்டும்.