எரியாத வால்வு

பழைய ரேடியோ வாங்கி விற்கும் ஆரோக்கியநாதன் சட்டைப்பைக்குள் கைவிட்டு, கடிதம் இருக்கிறதா என்று நாலாவது தடவையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோலா பிலா போலீஸ் நிலையத்தில் கொடுத்த அனுமதிக் கடிதம் அது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசராக இருந்து காலஞ்சென்ற ராமகிருஷ்ணனின் ரேடியோ செட்டை அவர் விலைபேசி வாங்கலாம். வாங்கிய அன்றே மாலை ஆறு மணிக்குள் நிலையத்தில் கொண்டுவந்து காட்டிவிட வேண்டும். ஆறுக்கு மேல் ஊரடங்கு. பத்தாம் கட்டை ரப்பர் தோட்டத்திலிருந்து கோலா பிலாவுக்குப் போகும் கடைசி பஸ் நாலு மணிக்கு. இப்போது மணி மூன்று.

அது பாட்டுக் கேட்கிற பெட்டியாக இருந்தால் இவ்வளவு பதற்றம் இல்லை. கேட்கவும் செய்யும், திரும்பப் பேசவும் செய்யும் செட் அது. வெள்ளைக்காரப் பட்டாளம் சண்டை முடிந்து ஏலம் போட்டுவிட்டுப் போனதை வாங்கி, முறையாக உரிமம் எடுத்து, ஆஸ்பத்திரி வேலை முடிந்த பொழுதுகளில் முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தவர் ராமகிருஷ்ணன். உரிமம் அவரோடு போய்விட்டது. மலாயாவில் அறிவித்திருந்த அவசரகாலத்தில் உரிமம் இல்லாத வீட்டில் அப்படியொரு பெட்டி இருந்தால், காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளோடு பேசுகிறவர்கள் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். செட்டை விற்றுத் தள்ளிவிடப் பதினான்கு நாள் தவணை கொடுத்திருந்தார்கள். இன்று பதின்மூன்றாவது நாள்.

டிரசர் வீட்டுக் கூடத்தில் செட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரோக்கியநாதன் குனிந்தார். முதலில் டிரான்ஸ்பார்மரை முகர்ந்தார். கருகல் வாசம் இல்லை. டயலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினார். வெண்ணெயில் விரல் போவது போலப் போயிற்று. பிறகு வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காதோரம் வைத்து ஆட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியின் உச்சியில் கறுப்பும் வெள்ளியுமாக ஒரு பூச்சு முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. அந்தப் பூச்சு அப்படி மின்னினால் வால்வு நல்ல உயிரோடு இருக்கிறது என்று பொருள். பால் போல வெளுத்துப் போயிருந்தால்தான் செத்தது. நாலு வருடத்தில் இவ்வளவு சுத்தமான செட் அவர் கைக்கு வந்ததில்லை. போர்ட் டிக்சனில் உரிமம் வைத்திருக்கும் ஒரு துரை இதற்கென்றே நூற்றைம்பது வெள்ளிப் பணத்தோடு காத்திருந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றாள் தாயம்மா, ராமகிருஷ்ணனின் மனைவி. டிரசருக்கென்று தோட்டம் கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். கோலா பிலாவில் ஒரு தையல் மெஷினும் அறையும் பார்த்து வைத்திருந்தாள். செட் விற்ற காசில்தான் அது ஆக வேண்டும். இதையெல்லாம் அவர் கேட்காமலே சொல்லியிருந்தாள்.

ஆரோக்கியநாதன் வால்வை அவள் பக்கம் நீட்டினார். "இங்க பாருங்கம்மா, உச்சியில கருத்துப்போச்சு. எரிஞ்சிடுச்சு. எல்லாமே அப்படித்தான்."

"ஐயோ. அவரு துணி போட்டுப் போட்டுத் துடைப்பாரே."

"துடைச்சா என்ன? உள்ளுக்குள்ள எரிஞ்சிருக்கு. நாப்பது வெள்ளி தரலாம். அதுவும் பெட்டிக்காக."

அவள் வால்வையே பார்த்தாள். பிறகு, "நீங்க தெரிஞ்சவங்க. நீங்க சொன்னா சரிதாண்ணே" என்றாள்.

அந்தச் சொல் அவருக்குச் செருப்புக்குள் விழுந்த கல்லாயிற்று. என்றாலும் நாலு பத்து வெள்ளி நோட்டை எண்ணி வைத்தார். "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று அவள் சொன்னதற்கு, நேரமில்லை என்று குளியலறைப் பக்கம் கை கழுவப் போனார். திரும்பி வரும்போது பெட்டி மூடிக் கயிறு கட்டித் தயாராக இருந்தது.

தோட்டத்து வாசலில் முள்கம்பி வேலி. வேலிக்கு நடுவே கதவு. கதவோரம் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வீரமுத்து. போன வாரம் பால்மரம் சீவியவன், இந்த வாரம் காக்கிச் சட்டை என்று லயத்துப் பெண்கள் அவனைக் கேலி செய்வார்கள்.

"என்னண்ணே, செட்டு எங்க புடிக்கும்? மெட்ராஸ் புடிக்குமா?"

"எரிஞ்ச செட்டு தம்பி. ஒண்ணும் புடிக்காது. இந்தா லெட்டர்."

வீரமுத்து கடிதத்தைப் பார்த்தான். கயிற்றை அவிழ்த்தான். காதுக்கருவி வைக்கிற பள்ளத்துக்குள் கைவிட்டவன், வாழை இலைப் பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்தான். பிரித்தான். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் ஒரு மிளகாய்.

ஆரோக்கியநாதன் கதவைத் திரும்பிப் பார்த்தார். கதவிலேயே மூன்று மொழியில் ஒட்டியிருந்தார்கள்: போன திங்கட்கிழமை முதல் சமைத்த சோறுகூட வேலியைத் தாண்டக்கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேருகிற சோறு என்று வழக்குப் போட்டால் அஞ்சு வருடம். அதுவும் பேசுகிற செட்டுக்குள் சோறு!

"தம்பி, சத்தியமா எனக்குத் தெரியாது. அந்தம்மாதான்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்த ஒரு சொல்லுக்கு அவளை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள்.

வீரமுத்து இரண்டு பக்கமும் பார்த்தான். "தாயக்காவா? காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு அவங்க எங்க வந்தாங்க? ஆபீஸ் கிரானி பெரட்டுல நின்னு ஆர்டரைப் படிச்சாரு, நாங்க கேட்டோம். அவங்க துக்க வீட்டுல உட்கார்ந்திருக்காங்க. வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பக்கூடாதுன்னு வச்சிருப்பாங்க லா."

"இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? வேலிக்கு உள்ள நின்னு தின்னா அது சாப்பாடு. வெளியில ஒரு கால் வச்சீங்கன்னா அது கேசு. அந்தா, மரத்தடி. சார்ஜெண்டு ஜீப்பு வர்றதுக்குள்ள இலையக் காலி பண்ணுங்க. ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது."

ஆரோக்கியநாதன் மரத்தடியில் உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். சின்ன வயதிலிருந்து சாப்பாட்டுக்கு முன் சொல்கிற செபம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை போல வாயில் தானாக வரும். "ஆண்டவரே, இந்த உணவை ஆசீர்வதியும். இதை எங்களுக்கு அளித்தவர்களையும்..."

அங்கே நின்றுவிட்டது. இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். அதே இடத்தில் நின்றது. அளித்தவளை ஆசீர்வதியும் என்று கடவுளிடம் விண்ணப்பம் போட்டுவிட்டு, அவள் கைக்கு வர வேண்டியதைத் தன் பையில் வைத்துக்கொண்டிருப்பதை எப்படிச் சொல்வது? செபத்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டார். பாதி பயத்தில், பாதி பசியில். குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இலையை மடித்துப் புதைத்தார். மணி மூன்று நாற்பது.

"தம்பி, பெட்டிய நீ பாத்துக்க. நான் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

"அண்ணே, பஸ்ஸு! லெட்டர் இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். போச்சுன்னா செட்டும் போச்சு, நீங்களும் போச்சு!"

"தெரியும்பா" என்று சொல்லியபடியே அவர் மேட்டில் ஏறத் தொடங்கிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் அப்படி ஓடியதில்லை.

தாயம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். செட் இருந்த மேசையில் தூசியில்லாத சதுரம் ஒன்று தெரிந்தது.

"என்னண்ணே, எதையாச்சும் விட்டுட்டீங்களா?"

மூச்சு வாங்க, எண்பது வெள்ளியை மேசையில் வைத்தார். "வால்வு எரியலம்மா. அந்தக் கருப்புதான் நல்ல வால்வுக்கு அடையாளம். உங்க வீட்டுக்காரர் கண்ணு மாதிரி வச்சிருந்திருக்காரு. நூத்தி இருபது இதுக்கு நியாய விலை. நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் நோட்டுகளைத் தொடவில்லை. "சோத்தைப் பாத்துட்டா வந்தீங்க?"

"ஆமா."

"நான் சோறு வைக்கலேன்னா?"

ஆரோக்கியநாதன் யோசித்துப் பார்த்தார். பொய்க்கு இனி இடம் இல்லை. "வந்திருக்க மாட்டேன்மா."

தாயம்மா துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தாள். கோபமா, அழுகையா என்று தெரியாத குரலில் சொன்னாள்: "நீங்க அடுத்துப் போற வீட்டுல சோறு போட மாட்டாங்கண்ணே. இப்பல்லாம் அளந்துதான் அரிசி. அங்கயும் வால்வைப் பாத்துச் சரியாச் சொல்லுங்க." பிறகு பணத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஓடுங்க. பஸ்ஸு வந்துடும்."

சோற்றைப் பற்றிய ஆர்டரையும், இனி யாருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட வேண்டாம் என்பதையும் படியிறங்கிக்கொண்டே கத்திச் சொல்லிவிட்டு ஓடினார்.

பாதி வழியிலேயே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. போய்விட்டது என்றுதான் நினைத்தார். வாசலுக்கு வந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் எல்லாம் கீழே இறங்கி வெயிலில் வரிசையாக நின்றார்கள். வீரமுத்து ஒவ்வொரு கூடையாக, ஒவ்வொரு பையாக, ஒரு புழுவைக்கூட விடாமல் தேடுவது போலத் தேடிக்கொண்டிருந்தான். டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"டேய் வீரமுத்து, என் வெத்தலப் பெட்டிய மூணாவது தடவையாப் பாக்குற. அதுக்குள்ள என்ன, காட்டுக்காரனா ஒளிஞ்சிருக்கான்?" என்று முத்தாயி என்கிற கூடைக்காரி வைது தீர்த்தாள்.

"ஆர்டரு லா அக்கா, ஆர்டரு" என்றவன் ஆரோக்கியநாதனைக் கண்டதும் நிமிர்ந்தான். "சரி, சரி, ஏறுங்க எல்லாரும். சோதனை முடிஞ்சுது."

முத்தாயி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் மடியில் இருந்த ரேடியோப் பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன விலைக்கு வாங்குனீங்க, இந்தப் பழைய டப்பாவ?"

"நூத்தி இருபது வெள்ளி."

"நல்லா ஏமாந்துட்டீங்க" என்று சொல்லி, அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தாள்.